சௌகரியமாக இருக்கும் வேலை

சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் அதை நியமன ஆணையிலேயே எழுதி வாங்கிக்கொண்டவள் சௌகரியக்கா ஒருத்திதான். ‘சோதனை அறையில் அமர்ந்து தன் உடல் உணர்வைத் தெரிவிப்பவர்’ என்று அதில் போட்டிருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பல்கலைக்கழக வாசலில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். சௌகரியக்கா என்றால் துணைவேந்தர் அலுவலகம் வரைக்கும் வழி சொல்ல ஆள் உண்டு.

கட்டடப் பொறியியல் துறைக்குப் பின்னால், மின்சாரச் செலவில்லாத வீடுகளைக் கட்டுவது எப்படி என்று ஆராய்கிற ஒரு மையம் இருந்தது. அதன் கொல்லையில் ஒற்றை அறை. மூன்று சுவர்கள் நிரந்தரம். மேற்குச் சுவர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மாணவர் வந்து சாம்பல் கல்லில் கட்டுவார். பட்டம் வாங்கியதும் அதை இடித்துவிட்டு அடுத்தவர் மண்ணைக் குழைத்துக் கட்டுவார். அதற்கடுத்தவர் வைக்கோலை அழுத்திப் பலகையாக்கி நிறுத்துவார். சுவர் எழுந்ததும் சௌகரியக்கா உள்ளே போய் நாற்காலியில் உட்கார வேண்டும். எதிரில் மேசை, மேசைமேல் ஏழு பொத்தான்கள். ஒரு கோடியில் ‘மிகவும் குளிர்’, மறு கோடியில் ‘மிகவும் சூடு’, நட்டநடுவில் ‘சௌகரியம்’. மணி அடிக்கும்போதெல்லாம் ஒன்றை அமுக்க வேண்டும். வெயில் இறங்கும் வரைக்கும் இதுதான் வேலை.

அவள் அங்கே பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். முதல் சுவர் எழுந்த அன்றைக்கு உட்கார வேண்டிய எழுத்தர் வயிற்றுவலி என்று நழுவிவிட, மையத்தை நடத்தும் பேராசிரியர் சுற்றுமுற்றும் பார்த்து, “நீங்க கொஞ்சம் உட்காருங்கம்மா, சும்மா உட்கார்ந்தா போதும்” என்றார். உட்கார்ந்தாள். உள்ளே அனல். சுவரே அடுப்பு மாதிரி வீசியது. சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சுவரைக் கட்டிய பையன் நின்றான். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். பிரசவ அறை வாசலில் நிற்கிற புருஷன் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முகம்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். சௌகரியக்கா பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அடுத்தவர் இடத்துக்குப் போனால் குறை சொல்லக் கூடாது. நாற்காலி ஆடினால் ஆடட்டும், டீ ஆறிப்போயிருந்தால் இருக்கட்டும். “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று சிரித்துவிட்டு வந்து, தெருமுனை திரும்பியதும் வேண்டுமட்டும் திட்டிக்கொள்ளலாம். அந்த வளர்ப்பில் வந்தவள், கைக் கொப்புளத்தோடு நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘மிகவும் சூடு’ என்று அமுக்குவாளா? நடுப் பொத்தானை அமுக்கினாள். பையன் அந்தப் பக்கம் துள்ளிக் குதித்தான். அவளுக்கும் மனசு குளிர்ந்தது. உடம்புதான் குளிரவில்லை.

அன்றைக்குத் தொட்ட பொத்தானை அதற்கப்புறம் அவள் விடவே இல்லை. எந்தச் சுவர் வந்தாலும் சௌகரியம். வெயில் மண்டையைப் பிளந்தாலும் சௌகரியம். வியர்வையைப் பார்த்து ஒரு பெண் கேட்டபோது, “எனக்கு உடம்பு வாகே அப்படித்தான் கண்ணு” என்று சொல்லிவிட்டாள்.

கருவிகள் எங்கே போயின என்று நீங்கள் கேட்கலாம். இருந்தன. பாவம், உண்மையைத்தான் சொல்லின. உள்ளே கொதிக்கிறது, கொதிக்கிறது என்று மத்தியானம் தவறாமல் முறையிட்டன. ஆனால் பேராசிரியர் கொள்கைக்காரர். “சூட்டை மெஷின் சொல்லும். சௌகரியத்தை மனுஷன்தான் சொல்லணும்” என்பார். மெஷின் கொதிக்கிறது என்கிறது, மனுஷி சௌகரியம் என்கிறாள். அப்படியானால் என்ன அர்த்தம்? வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்த உடம்புக்குச் சூடு உறைப்பதில்லை! பேராசிரியர் இதைக் கண்டுபிடித்து வெளிநாட்டு மாநாடு ஒன்றில் வாசித்தார். குளுகுளு அரங்கத்தில் கோட்டு போட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

வேறு ஆட்களை வைத்தும் பார்க்காமல் இல்லை. காவலாளி உட்கார்ந்த சற்று நேரத்தில் குறட்டை விட்டார். கணக்குப் பிரிவிலிருந்து வந்த அம்மாள் பாதியில் கதவைத் தட்டி வெளியே வந்து, “என்ன சார், ஆளை அவிச்சு எடுக்கப் பாக்குறீங்களா?” என்று சத்தம் போட்டார். அவருடைய பதிலை ‘ஒத்துழைப்பின்மை’ என்று குறித்து நீக்கிவிட்டார்கள். அலைபாயாமல், ஆடாமல் அசையாமல் ஒரே பதிலைச் சொல்கிறவள் சௌகரியக்காதான். ஆராய்ச்சிக்கு அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அபூர்வம் என்று பேராசிரியர் எல்லோரிடமும் சொன்னார். அவளும் அதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள். ஏன் நடக்கக் கூடாது? ஊரில் எத்தனை பேரை டாக்டர் பட்டம் வாங்க வைத்திருக்கிறாள்!

வீட்டில் கதை வேறு. பட்டறை ஒன்றுக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. அங்கே சௌகரியக்காவுக்கு எதுவுமே சரியாக இருந்ததில்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றும், குழம்பில் உப்பு ஏறிப்போகும், தலையணை உயரமாகிவிடும். அவள் புருஷன் பல்கலைக்கழகப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும். “அங்க போயி நாள் முழுக்கச் சௌகரியம்னு சொல்லிட்டு, மிச்சத்தையெல்லாம் மூட்டை கட்டி என்கிட்ட கொண்டு வந்துடு” என்பார். “வேற யார்கிட்ட கொண்டு போறது? புருஷன்னு ஒருத்தர் எதுக்கு இருக்கீங்க?” என்பாள் அவள். இரண்டு பேருக்கும் சண்டை இல்லாத நாள் சாப்பாடு இறங்காது. அந்தப் பழைய பேருந்தின் புகையைக் காலமெல்லாம் குடித்ததில் அவருக்கு நெஞ்சு கெட்டிருந்தது. பேசும்போது நடுவில் மூச்சு வாங்குவார். வாங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருவார்.

இந்த நிலைமையில்தான் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களுக்குக் குடியிருப்பு கட்டியது. சொந்த ஆராய்ச்சியிலேயே கட்டிய கட்டடம். ஃபேன் தேவையில்லை. அதனால் கூரையில் கொக்கி கிடையாது, உள்ளீடற்ற கல் அடுக்கிய கூரை, துளையும் போட முடியாது. ஜன்னல் உயரத்தில், திறக்க முடியாத கண்ணாடி. மின்சாரம் விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மட்டும். கூடுதலாக எதைச் செருகினாலும் இணைப்பு தானாக விழுந்துவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்தியதற்காகக் கட்டடத்துக்கு விருது கிடைத்தது. திறப்பு விழாவில் பேராசிரியர் மைக் முன்னால் நின்று, “இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு செங்கல்லும் ஒரு பெண்மணி ஆமோதித்தது” என்றார். சௌகரியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்மாடியில் மேற்குப் பார்த்த வீடு அவள் பேருக்கு விழுந்திருந்தது.

குடிபோனது குளிர்காலத்தில். அடேயப்பா, என்ன வீடு! வெள்ளைச் சுவர், தண்ணீர் சொட்டாத குழாய், காலை வைத்தால் வழுக்கும் தரை. கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் மனைவி வந்து, “உங்க புண்ணியத்துலதான்கா எங்களுக்கும் வீடு வந்துச்சு” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் காலம் வந்தது.

முதல் வாரம் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு மேற்குச் சுவர் சுட ஆரம்பித்து விளக்கு வைத்த பிறகும் விடாமல் சுட்டது. காற்று என்ற பேச்சே இல்லை. அந்தச் சூடு அவளுக்குப் புதிதா என்ன? வருஷக்கணக்காகப் பார்த்த சூடுதான். ஆனால் அப்போது வெயில் இறங்கியதும் எழுந்து வெளியே வந்துவிடுவாள். இப்போது எழுந்து எங்கே போவது? வெளியே வந்தால் இதுதான் வீடு.

டிரைவருக்கு மூச்சுத் திணறியது. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார், மடியில் கைக்குட்டை. மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். “இவருக்கு மருந்தைவிடக் காத்துதான் முக்கியம். மூஞ்சியில காத்து பட்டுக்கிட்டே இருக்கணும். இப்படி அடைஞ்ச இடத்துல வெச்சிருந்தா இந்த வெயிலைத் தாண்டுறது கஷ்டம்” என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

திரும்பி வந்ததும் சௌகரியக்கா கேட்டாள். “ஏங்க, ரொம்ப முடியலையா? வீடு அனலா இருக்கா?”

டிரைவர் அவளைப் பார்த்தார். ஆயுசில் ஒரு நாள்கூட அவள் சொன்னதற்கு ஆமாம் போடாத மனுஷன். “இல்லையே. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ வேலைக்குக் கிளம்பு” என்றார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பூமியில் அவளைவிடத் தெரிந்தவர் யார்? இது இவளுடைய வீடு, இவள் உட்கார்ந்து சம்பாதித்த வீடு, இதைக் குறை சொல்லக் கூடாது என்று அந்த மனுஷன் முடிவு பண்ணிவிட்டார். கட்டிய பெண்டாட்டி வீட்டில் விருந்தாளியாகிவிட்டார். “என்னைத் திட்டுங்களேன்! எப்பவும் திட்டுவீங்களே!” என்று கத்தினாள். அவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவள் உள்ளே போய்ச் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். கைதான் வலித்தது.

மறுநாள் காலையில் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய் நின்றாள். ஒரே ஒரு ஃபேன், ஒரு கூடுதல் இணைப்பு.

“முடியாதுங்கம்மா” என்றார் அங்கிருந்த அதிகாரி. “ஒரு வீட்டுல ஃபேன் ஓடுனாலும் விருது போயிடும். அதோட, இந்தக் கட்டடத்துக்கு ஃபேனே தேவையில்லைன்னு ஆராய்ச்சி சொல்லுது.”

“எந்த ஆராய்ச்சிங்க?”

“உங்க ஆராய்ச்சிதாம்மா!” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “எந்த நேரத்துலயும் சௌகரியமா இருந்துச்சுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?”

அங்கிருந்து நேராகச் சோதனை அறைக்குப் போனாள். அன்றைக்குக் கண்ணாடி போட்ட ஒரு மாணவியின் சுவர். மணி அடித்ததும் சௌகரியக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு ‘மிகவும் சூடு’ பொத்தானை அமுக்கினாள். சுவரைக் கட்டியவள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

“அக்கா, கை தவறிடுச்சா?”

“இல்ல கண்ணு. நிஜமாவே சூடுதான்.”

“அச்சச்சோ, உடம்பு சரியில்லையாக்கா? நீங்க போயி ரெஸ்ட் எடுங்க. இதைப் பத்திக் கவலைப்படாதீங்க, உங்க பழைய பதில்களோட ஒத்துப்போகலைன்னா கம்ப்யூட்டரே தள்ளிடும்.” அந்தப் பெண் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தங்கமான பெண். அதுதான் கொடுமை.

சொல்லிப் பயனில்லை, காட்டிவிடுவோம் என்று சௌகரியக்கா முடிவு செய்தாள். பேராசிரியரின் அறைக்குப் போய், “சார், வீட்டுக்கு ஒரு தடவை வரணும். மத்தியானத்துல வரணும்” என்று கூப்பிட்டாள். அவர் நல்ல மனுஷர். மறுக்கவில்லை. ஃபைலைக்கூடக் கையில் எடுக்காமல், பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். படியில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழ முயன்றார். “உட்காருங்க, உட்காருங்க” என்று தோளைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்.

மேற்குச் சுவரை ஒட்டிய நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு செம்பு கொடுத்தாள். அதையும் குடித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியில் துளி திரண்டு நின்றது. மூக்குக்கண்ணாடி நழுவ நழுவத் தள்ளிவிட்டுக்கொண்டார். அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எப்படி சார் இருக்கு?”

“அருமையான வீடும்மா” என்றார் பேராசிரியர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “ரொம்ப வசதியா இருக்கு.”

அவளுக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. படியில் அவள் புருஷனின் மூச்சு இழுக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

“சார், நீங்க என் வீட்டுக்கு வந்திருக்கீங்க. அதனால அப்படிச் சொல்றீங்க. நானும் உங்க ரூமுக்கு வந்திருந்தேன். அதனாலதான் அப்படிச் சொன்னேன்.”

பேராசிரியருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

“எத்தனை தடவைம்மா?”

“எல்லாத் தடவையும்தான்.”

“அந்தச் சாம்பல் கல்லு?”

“வெந்தே போனேன் சார்.”

“மண் சுவர்?”

“அது தேவலாம். தலைவலியோட போயிடும்.”

“வைக்கோல் பலகை? அப்ப குளிர்காலமாச்சே!”

“வெடவெடன்னு நடுங்கிடுச்சு. சால்வையை மேசைக்கு அடியில ஒளிச்சு வெச்சுக் காலை மூடிக்கிட்டேன். அந்தப் புள்ளைக்கு அடுத்த மாசம் கல்யாணம் சார், பட்டம் வந்தாத்தான் நடக்கும்னு அழுதுச்சு.”

பேராசிரியர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். “ஒண்ணு கூடவா நல்லா இல்லை?”

சௌகரியக்கா யோசித்தாள். “ஒண்ணு இருந்துச்சு சார். ஒரு தாடிக்காரத் தம்பி, யார்கிட்டயும் பேசாது. சுவரை ரெண்டு அடுக்கா எழுப்பி, கீழயும் மேலயும் வழி விட்டிருந்துச்சு. உட்கார்ந்தா காத்து முழங்காலைத் தொட்டு மேல ஏறும். அன்னைக்கெல்லாம் எனக்கு எழுந்து வரவே மனசு வரல. அப்ப மட்டும் நிஜமாத்தான் அமுக்கினேன்.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். “அவனுக்கு நான் பட்டம் குடுக்கலம்மா. சுவரை ரெட்டையாக் கட்டுறதுக்கு வேலை அதிகம். ஆனா உங்க பதில்ல மத்த சுவருக்கும் அவன் சுவருக்கும் துளி வித்தியாசம் இல்லை. வீண் வேலைன்னு நானே எழுதித் திருப்பி அனுப்பினேன்.”

சௌகரியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கெட்டதையெல்லாம் நல்லது என்று சொன்னதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நல்லதை நல்லது என்று சொல்ல அவளிடம் வேறு பொத்தான் மிச்சமில்லாமல் போனது அப்போதுதான் உறைத்தது. “ஐயோ, அந்தப் புள்ளை!” என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

“மத்தவங்க பட்டம்...” என்று பேராசிரியர் இழுத்தார். அவருடைய கொள்கை, மாநாடு, விருது எல்லாம் அந்த இழுவையில் இருந்தன.

“அது அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும் சார். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்லை. எனக்கு என் வீட்டுக்காரர் மூச்சு வேணும்.”

ஃபேன் மாட்டினால் விருது போய்விடும். ஆனால் சுவரில் ஓட்டை போட்டால் போகாது. ஓட்டை மின்சாரம் குடிப்பதில்லை. ‘இயற்கைக் காற்றோட்ட மேம்பாடு’ என்று பேராசிரியரே ஒரு பெயர் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆராய்ச்சி மனுஷருக்குப் பெயர் வைக்கவா சொல்லித்தர வேண்டும்? ஓட்டையை எங்கே போடுவது என்று தெரிந்தவன் ஒருத்தன்தான். அவனையும் அவரே தேடிப் பிடித்துப் பேசினார். என்ன பேசினார் என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தாடி இப்போது இல்லை. ஏசி மாட்டுகிற கடை வைத்திருந்தான். பட்டம் கிடைக்காத பிறகு வயிற்றுப்பாட்டுக்கு எடுத்த தொழில், நன்றாகவே ஓடுகிறதாம். அந்தக் கட்டடத்தைக் கீழிருந்து மேலே வரைக்கும் பார்த்தான். துளை போடும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டான். நிழல் விழும் பக்கத்தில் தரையோரம் வரிசையாகத் துளைகள், எதிர்ச் சுவரில் கூரையோரம் வரிசையாகத் துளைகள். வீடெல்லாம் தூசு. டிரைவர் படியிலிருந்தே, “பாத்துப்பா, சுவரு சாஞ்சு தொலைக்கப்போகுது” என்றார். அவர் குரலில் பழைய எரிச்சலைக் கேட்டதும் சௌகரியக்காவுக்கு உயிர் வந்தது.

தூசு அடங்கியதும் கீழேயிருந்து மெல்லக் காற்று கிளம்பியது. பிரமாதமான காற்று என்று சொல்ல முடியாது. மேசைமேல் இருந்த காகிதம் ஓரத்தில் லேசாக எழும்பியது, அவ்வளவுதான். டிரைவரைக் கூட்டி வந்து அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வைத்தாள். சுவரில் சாய்ந்து, “இந்தத் தலையணை ஏன் இப்படிக் கல்லு மாதிரி இருக்கு?” என்று திட்டிக்கொண்டே கண்ணயர்ந்தார். மூச்சு சீராக வந்தது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்திருந்தாள்.

கடைக்காரன் ஒயரைச் சுற்றிப் பையில் போட்டான். கிளம்பும்போது அவள் வாசலில் வழி மறித்து நின்றாள்.

“தம்பி, அன்னைக்கு நீ கட்டின சுவர் இருக்கே... நான் உட்கார்ந்ததுலயே அது ஒண்ணுதான்பா நல்லா இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன்.”

அவன் சிரித்தான். கோபமில்லை, வருத்தமுமில்லை. வயசான ஒருத்தி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்கிற சிரிப்பு. “விடுங்கக்கா. நீங்க எல்லாருக்கும் அதத்தானே சொல்வீங்க” என்றபடி படியிறங்கினான்.

“இல்ல தம்பி, நிஜமாத்தான்!” அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “மத்ததெல்லாம் பொய்யிப்பா! உன்னோடது மட்டும்தான் நிஜம்!”

கீழ்த்தளத்திலிருந்து அவன் குரல் மரியாதையாக வந்தது. “சரிக்கா, சரிக்கா. ரொம்ப சந்தோஷம்.”